தெளிந்த பின்னரோ தொழுவது?

நெஞ்சின்கண் ஐயமுடையான் ஒருவன் இறைவனைத் தொழுதல் பொய்ம்மை என்றும், ஒழுக்கத்தில் தளர்ந்தான் ஒருவன் திருக்கோயிலுட் புகுதல் தகாது என்றும், ஆகலான் ஐயம் அறவே நீங்கிக் குற்றம் அறவே கழிந்த பின்னரே வழிபாட்டில் தலைப்படுதல் முறை என்றும் உரைப்பார் இக்காலத்துப் பலராயினர். இவ்வுரை செவிக்கு இனிது. நேர்மையின் நிறமும் சிறிது உடையது. அதனாலேயே இது பெரிதும் அஞ்சத்தக்கது. பொய் பொய்யாகவே வருமாயின் பேதையும் அதனை விலக்குவன். வாய்மையின் உடையணிந்து வருமாயின் கற்றாரும் எழுந்து அதற்கு இருக்கை தருவர். இவ்வுரை அவ்வகையினதாதல் ஈண்டு ஆராயப்படும்.

இதனை உரைப்பார் மூவகையினர். முதல்வகையார் சமயத்தின் புறத்தே நிற்போர். 'உளத்தில் உறுதியின்றிக் கைகுவித்தல் நடிப்பேயாம். நடித்தலினும் ஒழிதல் நன்று' என்பர். இரண்டாம் வகையார் சமயத்தின் உள்ளே இருந்துகொண்டே, 'எல்லாம் அவன் செயல். மலம் பரிபாகமுற்ற ஞான்று அன்பு தானே சுரக்கும். அதுகாறும் உயிர் செய்யக் கடவது யாதும் இல்லை' என்று வாளா இருப்போர். மூன்றாம் வகையார் நூல் பல கற்றோர். 'திருவலகிடுதலும் திருவிளக்கேற்றுதலும் எளியோர்க்கு வகுத்தவை. நூற்பொருளை ஐயந்திரிபற உணர்தலே கற்றார்க்குரிய வழிபாடு. அவ்வுணர்வு முற்றுங்காறும் ஏனைய வேண்டா' என்போர். மூவர் வாய்ச்சொல்லும் வேறு, விளைவு ஒன்றே. மூவர் கையும் குவிவதில்லை. மூவர் காலும் கோயில் நோக்கி நடப்பதில்லை. சொல்லின் வேற்றுமையை விடுத்து விளைவின் ஒற்றுமையை நோக்குவார்க்கு, இம்மூன்றும் ஒரு மரத்தின் மூன்று கிளைகள் என்பது புலனாம். அம்மரத்தின் வேர் யாது எனின், 'என் தகுதியை யானே ஆக்கிக்கொண்டு பின்னரே இறைவன் திருமுன் நிற்பேன்' என்னும் தற்போதமே என்க.

1965-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தினின்றும் பிரித்து வகுக்கப்பட்ட தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டத்தின்கண், தீர்த்தமலை என்னும் திருமலை உளது. வடிவாம்பிகை உடனாய தீர்த்தகிரீசுவரர் அம்மலைமேல் திருக்கோயில் கொண்டு அருளுகின்றார். மலைப்பாறையினின்றும் இழியும் இராமதீர்த்தத்தைத் தலைமேல் ஏற்று அடியார்கள் இறைவனை வழிபடுவர். அம்மலைப்படி ஏறுவார் எல்லாரும் வலிய காலினர் அல்லர். முதியோரும், பிணியுற்றோரும், கைக்குழந்தையை இடுப்பில் தாங்கிய மகளிரும் இடையிடையே அமர்ந்து இளைப்பாறி ஏறுகின்றனர். 'கால் வலியுற்ற பின்னர் ஏறுவேன்' என்று அடிவாரத்தே அமர்ந்திருப்பானுக்கு மலை ஒருநாளும் தாழ்ந்து வருவதில்லை. அவன் காலும் அமர்ந்திருத்தலால் வலியுறுவதில்லை.

அத்தலத்து வரலாறு இவ்வழக்கிற்கே ஒரு தீர்ப்பாய் அமைந்துளது. இராவணனைக் கொன்று மீண்ட இராமன், அக்கொலைப்பழி நீங்கச் சிவபெருமானை வழிபடக் கருதி, காசியினின்றும் கங்கைநீரும் மலரும் கொணருமாறு அனுமனை விடுத்தான். அனுமன் வரவு தாழ்த்தது. பூசைக்குரிய பொழுதோ அணுகிற்று. அந்நிலையில் இராமன் செய்தது யாது? கங்கைநீர் வாராமையாற் பூசையை ஒழித்தான் அல்லன். 'தக்க நீரின்றித் தொழுதல் போலி' என்று வாதித்தானும் அல்லன். அம்மலைப் பாறையில் அம்பு தொடுத்தான். ஆண்டே நீர் சுரந்தது. அந்நீர் கொண்டே உரிய பொழுதிற் பூசித்தான். பின்னர் வந்த அனுமன், தான் கொணர்ந்த நீர் பயன்படாமை கண்டு வருந்தி அதனை எறிந்தான். அது வீழ்ந்த இடம் பெண்ணையாற்றங்கரையில் அனுமன் தீர்த்தம் என இன்றும் வழங்குகின்றது. இது தலபுராண வழக்கு.

இவ்வழக்கினுள் உறையும் பொருளை அன்பர்கள் ஊன்றி நோக்குவார்களாக. ஐயமற்ற தூய உள்ளம் கங்கைநீர் போல்வது. அது வந்து எய்துமேல் மிக நன்று. அது வாராமுன் பூசைக்குரிய பொழுது கழியுமாயின், நின்ற இடத்துப் பாறையினின்றும் சுரக்கும் நீரே பூசைக்கு உரியதாம். உடம்பு நிலையாமை உடையது. பொழுது எவர் பொருட்டும் நில்லாது. இறுகிய நெஞ்சினின்றும் முயன்று பெயர்த்த ஒருதுளி அன்பையும், 'இது கங்கை அன்று' என்று தள்ளுபவன், இரண்டு நீரும் இன்றி ஒழிவன். அன்றியும், இராமன் பழி நீங்கியவனாய் வந்து தொழுதான் அல்லன். பழியுடையனாய், பழியின் பொருட்டே, வந்து தொழுதான். பழி நீங்கிய பின்னர்த் தொழுவல் என்று அவன் கருதியிருப்பானேல், தொழுதற்குரிய காலமே அவனுக்கு வாராது போயிருக்கும்.

அத்தீர்த்தமலை முருகனை அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிப் பரவினர். இளமையில் நெறிதவறி உழன்றவர் என்றே அவர் வரலாறு வழங்கப்படுகின்றது. அத்தலத்துத் திருப்புகழில் அவர், பாடியும் கேட்டும் உருகாத நெஞ்சினது வன்மையை எடுத்தெடுத்து இரங்குகின்றார். உருகாமையை உணர்ந்தவர், உருகிய பின்னர்ப் பாடுவோம் என்று நாவை அடக்கிக் கொண்டிலர். உருகாமையையே பாட்டின் பொருளாக்கி இறைவன் திருமுன் வைத்தனர். வறியவன் தன் வறுமையைக் காட்டியன்றோ இரத்தல் வேண்டும்? செல்வமுற்ற பின்னர் இரப்பேன் என்பான் இரத்தலின் இயல்பே அறியாதவன்.

இனி, முதல்வகையார் கூற்றை அளவை நெறியால் ஆராய்தல் வேண்டும். ஐயம் என்பது யாது? ஒரு பொருளைக் கண்டவழி இஃது இதுவோ அதுவோ எனத் துணிவு பிறவாது நிற்கும் உணர்வே ஐயம் எனப்படும். மாலை மயங்கிருளிற் சேய்மைக்கண் நிற்பது ஒன்றைக் குற்றியோ மகனோ என்று கவலுதலை நூலோர் இதற்கு எடுத்துக்காட்டுவர். அவ்வையம் தீருமாறு என்னை? நின்ற இடத்தினின்றே நூறுநாள் நோக்கினும் குற்றி குற்றியெனத் தெளியாது. மகன் மகனெனத் தெளியான். நாலடி நெருங்கிச் சென்றக்கால் நொடியில் தெளியும். ஆகவே, ஐயமுடையானுக்கு அளவை நூல் விதிப்பது அணுகுதலே; அகன்று நிற்றல் அன்று. இறைவனைப்பற்றி ஐயுறுவான் அவனை அணுகும் வழி யாது? வழிபாடே. 'தெளிந்த பின்னர் அணுகுவேன்' என்பது, 'குற்றியா மகனா என்பது தெரிந்த பின்னரே நெருங்குவேன்' என்பது போலும் பேதைமை உடைத்து.

அற்றேல், ஐயமுடையான் தொழுதல் பொய்ம்மை ஆகாதோ எனின், ஆகாது. பொய்ம்மையாவது தன்பால் இல்லாததனை உளதாகப் பிறர்க்குக் காட்டுதல். 'எனக்கு ஐயமே இல்லை' என்று மன்றிடை முழங்குவானேல் அவன் பொய்யன். 'இறைவனே, யான் தெளியேன். தெளிவிப்பாய்' என்று தாழ்ந்து நிற்பவனிடத்துப் பொய் எங்கேயுள்ளது? நடிப்பிற்குக் காண்போர் வேண்டும். உலகெலாம் உறங்கும் பொழுது இருட்கண் தனியே எழுந்தமர்ந்து, நீறணிந்து, ஐந்தெழுத்தை நாவாற் கணிக்கின்றான் ஒருவன்; அவன் நெஞ்சோ நிலைகொள்ளாது அலைகின்றது. அவன் நடிப்பைக் காண்போர் யாவர்? முதுமையுற்ற தந்தைபால் அன்பு குளிர்ந்துவிட்ட மைந்தன் ஒருவன், 'அன்பின்றிச் சோறிடுதல் போலி' என்று கூறி உலைமூட்டாது இருப்பானேல், அவனை நேர்மையாளன் என்று உலகம் போற்றுமோ? அன்பு குறைந்த நாளிலும் தன் கடன் தவறாது அன்னம் இடுவானையே நன்மகன் என்னும். அவ்வாறு இட்டு வருதலினாலேயே உலர்ந்த அன்பு மீளத் தளிர்த்தலும் உலகியலிற் காணப்படுவது.

உயிரின் இயல்பை நோக்கினும் இவர் கூற்று நிலைபெறாது. உயிர் தன்னிற்றானே அறியவல்ல பொருள் அன்று; அறிவித்தால் அறிவது; சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. ஆதலின் அது சதசத்து எனப்பட்டது. அநாதியே ஆணவ மலத்தால் அறிவு மறைப்புண்டு கிடக்கும் உயிரினிடத்து ஐயமும் தளர்ச்சியும் காணப்படுதல் வியப்பன்று, காணப்படாமையே வியப்பாம். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உளதேனும், ஒளியின் துணையின்றி அது காண்பதில்லை. இருட்கண் நின்ற ஒருவன், 'கண் தெளிந்த பின்னர் விளக்கின் அருகே வருவேன்' என்றால், அவன் என்றைக்கு வருவன்? நோய் தீர்ந்த பின்னரே மருந்துண்பேன் என்பானை மருத்துவன் என் செய்வான்? மெய்கண்ட தேவர் சிவஞான போதத்துப் பத்தாம் நூற்பாவில் இறைபணி நிற்றலைக் கூறி, அதனால் மலமும் மாயையும் வினையும் நீங்குதலைக் கூறினர். அம்முறையை உற்று நோக்குக. மலம் நீங்கிய பின்னர்ப் பணி நிற்க என்று கூறினாரல்லர். பணி நிற்றலால் மலநீக்கம் என்றே வைத்தனர். மெய்கண்டார் வைத்த முறையைத் தலைகீழாகத் திருப்புவோர், தம்மைச் சித்தாந்திகள் என்று கூறிக்கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஆசிரியன்மார் வரலாறும் இதற்கே சான்று பகரும். அனுமன் தீர்த்தத்தின் அருகே ஓடும் அப்பெண்ணை சென்று பாயும் திருமுனைப்பாடி நாட்டிலேதான், நம்பியாரூரர் ஆட்கொள்ளப்பெற்ற திருவெண்ணெய்நல்லூர் உளது. மணப்பந்தரில் முதிய அந்தணராய் வந்து, 'நீ எனக்கு அடிமை' என்று வழக்கிட்ட இறைவனை நம்பியாரூரர் நம்பினாரோ? நம்பிலர், பித்தன் என்று இகழ்ந்தனர், காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தனர். எனினும், வழக்கு முடிந்து சான்றோர் தீர்ப்புரைத்தபொழுது அத்தீர்ப்பிற்குப் பணிந்து முதியவர் பின்னே நடந்தனர். அதுவே பணிதல். மணம் அழிந்ததற்கு உவந்தார் என்பதற்கும், பின்னே நடந்தபொழுது ஐயமெல்லாம் தெளிந்திருந்தார் என்பதற்கும் சான்றில்லை. ஆயினும் கால் நடந்தது. கோயிலுட் புக்கு மறைந்த பெருமான் வெளிப்பட்டு, தம்மைப் பாடுக எனப் பணித்தருளிய ஞான்று, 'பாடுமாறு அறியேன்' என்று தம் இயலாமையை உரைத்தனர். இறைவனோ, முன்பு தம்மை இகழ்ந்த அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்றருளினன். மறுத்தற்கு எழுந்த சொல்லே பதிகத்தின் முதற்சொல்லாயிற்று. ஐயத்தையும் பிணக்கையும் தூய்மை செய்து கொணர்க என்று இறைவன் கேட்டிலன். அவற்றை உள்ளவாறே வாங்கித் தமிழாக்கிக் கொண்டனன்.

அவ்வாரூரரே பின்னர்த் திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் என மகிழின்கீழ்ச் சூளுற்று, அச்சூளைப் பிழைத்து, இருகண்ணும் இழந்தனர். பிழை அவருடையது, அதனை அவர் மறுத்திலர். கண்ணிழந்தவர், 'பிழைசெய்த யான் இனி எம்முகங்கொண்டு பெருமான் திருமுன் செல்வேன். பார்வை மீண்ட பின்னர்ச் செல்வேன்' என்று ஒற்றியூர் எல்லையில் அமர்ந்தனரோ? இல்லை. முறையிட்டுக்கொண்டே நடந்தனர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றனர். காஞ்சியில் ஏகம்பத்தே இடக்கண் பெற்றனர். திருவாரூர் சென்று வலக்கண் பெற்றனர். முதலிற் கிடைத்தது கண்ணன்று, கோல் என்பதனை மறவற்க. தெளிவு கேட்டானுக்கு இறைவன் முதற்கண் அருளுவது பெரும்பாலும் அடுத்த அடியை எடுத்துவைத்தற்குப் போதிய ஒரு கோலே. அக்கோலை, 'இது கண்ணன்று' என்று எறிபவன் காஞ்சியையும் அடையான், ஆரூரையும் அடையான்.

திருநாவுக்கரசர் வரலாறோ இதனினும் தெளிவுடைத்து. மருள்நீக்கியார் என்னும் பிள்ளைத்திருநாமம் உடைய அவர், சமணம் புக்குத் தருமசேனர் எனப் பெயர் பெற்று ஆண்டுத் தலைமை எய்தினர். சூலைநோய் பற்றிக் குடரை முறுக்கியபொழுது திருவதிகையில் தமக்கையார் திலகவதியார்பால் மீண்டனர். வாதத்தில் தோற்றுத் தெளிந்து வந்தாரல்லர். நோய் பொறாது வந்தனர். அவ்வருகையை 'அச்சத்தால் வந்த வருகை' என்று திலகவதியார் இகழ்ந்தாரில்லை. 'முன்னர்ச் சைவசமயத்தின் உண்மையை நிறுவுக. பின்னர் நீறளிப்பேன்' என்றும் கூறினாரில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தனர். வைகறையில் தம் திருப்பணிக்குச் செல்லுங்கால் உடன்கொண்டு சென்றனர். நீறும் நடையும் முன்னர்; பாட்டு அதன்பின்; நோய்நீக்கம் அதற்கும் பின். தந்தையும் தாயும் இறந்து, தமக்குரியர் என உறுதிசெய்யப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்தே மாய்ந்தொழிய, தம்பியும் புறச்சமயம் புக, தனியராய் நின்ற அத்திலகவதியார், பயன் ஒன்றும் கண்ணுக்குப் புலனாகாத அத்தனை காலமும் திருவலகிட்டும் திருமெழுகிட்டும் மாலை தொடுத்தும் பணிநின்றமை, பணிதலின் இலக்கணத்திற்கு ஓர் இலக்கியமாம்.

முதுமையில் அவ்வரசரே கயிலை காண விழைந்து வடக்கு நோக்கிச் சென்றனர். கால் தேய்ந்தபின் கையாற் றவழ்ந்தனர். கை தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்தனர். முனிவராய் எதிர்வந்து மீள்க என்ற இறைவனிடம், காணாது இவ்வுடம்போடு மீளேன் என்று மறுத்தனர். பின்னர், பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிற் காண்க என்று இறைவன் பணித்த அளவில் பணிந்து மூழ்கினர். தாம் கொண்ட உறுதி சிறந்தது. எனினும், இறைவன் ஆணை எதிர்ப்பட்டவழித் தம் உறுதியையும் அதன்கீழ் வைத்தனர். உறுதியுடையாரும் விடத்தகுவது தற்போதம். உறுதியில்லாரும் கொள்ளத்தகுவது பணிவு. இரண்டும் ஒரே நெறியின் இருபுறம்.

ஈண்டு ஒருவர் எழுந்து, 'அவரெல்லாம் அருளாளர். அவர் தளர்ச்சியும் திருவிளையாட்டே. பிறர் தளர்ச்சிக்கு அஃது எங்ஙனம் சான்றாம்?' என்று கடாவலாம். மணிவாசகர் திருவாசகம் நெடுகிலும் தம்மைப் பொய்யர் என்றும் அன்பிலர் என்றும் கூறிக்கொள்ளுதலை, 'அஃது அடக்கவுரை' என ஒதுக்குவாரும் இவரே. அடக்கவுரை என்றே கொள்ளினும், அவ்வுரையைத் திருமுறையாக வைத்துத் திருக்கோயில்தொறும் ஓதுமாறு செய்தது எவர் பொருட்டு? அருளாளர்க்கு அவ்வுரை வேண்டுவதன்று. தளர்ந்த உயிர்கள் தம் தளர்ச்சியைச் சொல்லற்கும் சொல்லின்றித் தவிப்பன. அவற்றிற்கு ஒரு நாவாகவே அவை அருளப்பட்டன. தளர்ந்தார் பொருட்டு இயற்றிய நூலைத் தளர்ந்தார் தொடலாகாது என்பது, பசித்தார்க்கென அட்ட சோற்றைப் பசியாதார்க்கே பரிமாறுவது போலும்.

'அங்ஙனமாயின், பிழையும் செய்க, பூசையும் செய்க என்பதோ சைவத்தின் துணிபு?' என மற்றொருவர் வினவலாம். வினா தக்கதே. தளர்ச்சி வேறு, துணிச்சல் வேறு. வழுக்கி வீழ்ந்து எழுவானும், சேற்றையே படுக்கையாக விரும்பிக் கிடப்பானும் ஒருவர் அல்லர். பணிதல் என்னும் சொல்லே, பணித்தவன் விலக்கியதனை விடுதலையும் அடக்கி நிற்கும். இதற்குத் தகடூர்ப் பக்கத்து வரலாறு ஒன்று உளது. இன்றைத் தருமபுரியே பண்டைத் தகடூர். அதனை ஆண்டவர் அதியர். பெரிய புராணத்துட் புகழ்ச்சோழ நாயனார்க்குத் திறைகொடாது எதிர்நின்ற அதிகன், அம்மரபினன் எனக் கொள்ளப்படுவன். சோழர் படை அதிகன் அரணை அழித்து, கவர்ந்த செல்வத்தையும் கொய்த தலைகளையும் கருவூரிற் சோழர்முன் கொணர்ந்தது. அத்தலைக் குவியலுள் சடைமுடியுடைய தலை ஒன்றைச் சோழர் கண்டனர். வெற்றி விழா ஆங்கே ஒழிந்தது. 'படை செய்தது' என்று பிறர்மேல் ஏற்றாது, அப்பழி தமதே என ஏற்றனர். அச்சடைத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தாமும் தீப்புக்கனர். அச்செயல் ஏனையோர்க்கு விதியன்று. அதனைப் பின்பற்றுக என நூல் யாண்டும் விதித்ததில்லை. ஏனையோர் கொள்ளத்தகுவது யாதெனின், பழி நேர்ந்தவழி அதனை மறையாமையும், மாற்றாமையும், பழி நேர்ந்தமை காரணமாக இறைவனை விட்டு ஓடாமையுமேயாம். குற்றமுடையான் ஓடத்தகும் திசை ஒன்றே. அஃது இறைவன் இருக்கும் திசை.

இனி, 'பரிபாகம் வந்துழி வரும்' என்னும் இரண்டாம் வகையார்க்கு மானாவாரி நிலம் உழுவானே விடை கூறவல்லன். தருமபுரிப் பக்கத்துப் புன்செயிற் கேழ்வரகும் சாமையும் விளைப்போன், மழையைத் தான் ஆக்குவதாக ஒருநாளும் எண்ணான்; மழை அவன் கையிலில்லை என்பதனை அவனினும் நன்கு அறிந்தவர் இலர். எனினும், மழைக்கு முன்னரே புழுதிபட உழுது வைக்கின்றான். மேகம் வருமோ வாராதோ என்னும் ஐயம் அவன் நெஞ்சை விட்டு அகன்ற ஆண்டு ஒன்றேனும் உண்டோ? ஐயத்தோடே ஏர் பூட்டுகின்றான். உழாத நிலத்திற் பெய்த மழை மேலே வழிந்தோடும். உழுத நிலத்திற் பெய்த மழையே உள்ளே சுவறும். அருள் இறைவனுடையது, உழவு உயிருடையது, அவ்வுழவிற்கு வேண்டும் ஆற்றலும் இறைவன் ஈந்ததே. 'எல்லாம் அவன் செயல்' என்பது பணிநின்றான் தன் பணியின் முடிவில் உரைக்கும் சொல். பணியின் தொடக்கத்திலேயே அதனை உரைப்பவன், உண்ணும்பொழுதும் பொருள் ஈட்டும்பொழுதும் அதனை மறந்துவிடுதல் எற்றுக்கு? சோற்றின் திறத்துத் தன்செயலும், பூசையின் திறத்து அவன்செயலும் ஆதல் ஒரு புதிய சித்தாந்தம் போலும்!

மூன்றாம் வகையாராகிய கற்றார்க்கு ஒன்று கூறி அமைதல் தகும். கல்வியால் எழும் ஐயம் இழிவன்று. சகலாகம பண்டிதர் எனப்பட்ட அருணந்தி சிவாசாரியார், மெய்கண்டாரிடம் அடிமையான பின்னர், தம் வினாக்களையெல்லாம் அவர் திருமுன் வைத்து இருபா இருபஃது இயற்றினர். உமாபதி சிவாசாரியாரும் தம் ஆசிரியராகிய மறைஞான சம்பந்தரை நோக்கி வினாவெண்பா இயற்றினர். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் இரண்டு நூல்கள் பெரும்பாலும் வினாக்களாலேயே ஆயின என்பது கருதத்தக்கது. ஐயத்தைச் சைவம் அஞ்சியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆயின், அவ்வினாக்கள் அடிக்கீழ் நின்று வினாவப்பட்டவை. அடிக்கீழ் நின்று வினாவுதல் மாணாக்கன் செயல். வாயிற்புறத்தே நின்று, 'விடை கூறினால் உள்ளே வருவேன்' என்பது வழக்காளி செயல். அன்றியும், சிவஞான போதத்து இறுதி நூற்பா, ஞானம் கைவந்தாரும் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவன் எனவே தொழுதல் வேண்டும் என்று விதிக்கின்றது. சீவன்முத்தர்க்கே ஒழியாத கோயில் வழிபாடு, ஏடு கட்டிய அளவானே கற்றார்க்கு எங்ஙனம் ஒழியும்?

இம்மூவகை உரையாலும் விளையும் கேடு கற்றார் அவையோடு நில்லாது. மழை பொய்த்த ஆண்டுகளில் தருமபுரிப் பக்கத்து ஊர்களினின்றும் பெங்களூர்க்கும் திருப்பூர்க்கும் தொழில் தேடிச் செல்வோர் பலர். சென்ற இடத்து நீறும் வழிபாடும் நெகிழ்ந்து, சிலர் குடிக்கும் ஆட்பட்டுத் திருவிழா நாளில் ஊர் மீள்கின்றனர். ஊர் முழுதும் கோயிலுட் புக, அவர் மட்டும் திருவீதி மூலையில் நாணி நிற்கின்றனர். 'தூயனாய பின்னர் வருவேன்' என்பதே அவர் வாயிலும் எழும் சொல். இச்சொல்லை அவர்க்குக் கற்பித்தவர் யாவர்? 1947-ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் புறவாயிலைத் திறந்தது. பிறப்பு காட்டி அடைத்திருந்த கதவு அது. ஐயமும் தளர்ச்சியும் காட்டி அகவாயிலை மீள அடைப்போர், நேர்மை என்னும் பெயரால் அடைப்பினும், அடைப்போரே ஆவர். அந்நாணி நிற்பாரிடம் கூறத்தகுவது, 'உள்ளே வருக. நாணத்தோடே வருக' என்பதொன்றே. நாணமும் அவர் கொணரும் ஒரு மலர்.

பணிதல் என்பது இறைவனுக்குப் பணிதலே என்பதும் ஈண்டு வரையறுக்கத்தக்கது. வேடம் புனைந்து, 'என் சொல்லே இறைவன் சொல்' என்று பொருள் கவர்வார்க்கெல்லாம் பணிக எனச் சைவம் விதியாது. எளியோர் ஐயத்தையும் தளர்ச்சியையும் தம் வாணிகத்திற்கு முதலாக்குவார், தளர்ந்தார்க்கு ஊன்றுகோல் அல்லர். வழியிற் கிடக்கும் முள். இறைபணி யாதென நூல்கள் ஒளிவின்றிக் கூறியுள்ளன. நீறணிதல், ஐந்தெழுத்தோதல், திருவலகிடுதல், விளக்கேற்றல், மலர் கொய்து மாலை தொடுத்தல், திருமுறை ஓதல், அடியாரை உபசரித்தல், உயிர்க்கு ஊறு செய்யாமை என்பன அவை. இவற்றுள் யாதொன்றும் பெருஞ்செல்வமோ, பேரறிவோ, கலங்காத நெஞ்சமோ வேண்டுவதன்று. கலங்கிய நெஞ்சினானும் ஒரு விளக்கில் எண்ணெய் வார்க்கலாம். வார்த்தவன் நெஞ்சம் கலங்கியிருந்தது என்பதற்காக அவ்விளக்கு ஒளிவிடாது ஒழிவதில்லை. அவ்வொளி வார்த்தவன் முகத்தின்மேலும் படாது ஒழிவதில்லை.

ஆகலின், தெளிந்த பின்னரே தொழுவது என்னும் உரை அளவைக்கும் பொருந்தாது. உயிரின் இயல்பிற்கும் பொருந்தாது. மெய்கண்டார் வைத்த முறைக்கும், திருத்தொண்டர் நடந்த நெறிக்கும் பொருந்தாது. தொழுதலே தெளிவிற்கு வழி. ஐயமுடையான் ஐயத்தோடே எழுக. தளர்ந்தான் தளர்ச்சியோடே நடக்க. தீர்த்தமலைப் படியில் இளைத்து அமர்ந்தாரும் அடிவாரத்தார் அல்லர். மலையேறுவார் கணக்கிலேயே அவர் வைக்கப்படுவர். பூசைக்குரிய பொழுது அணுகிவிட்டது. கங்கைநீர் வரும்பொழுது வருக. நின்ற இடத்துப் பாறையின் நீரைக் கையில் ஏந்துக.

திருச்சிற்றம்பலம்